5 லட்சமா, 25 லட்சமா? மருத்துவக் காப்பீட்டு வாக்குறுதிகளை எதைக்கொண்டு அளப்பது

கேள்வி: 16 ஏப்ரல் 2024

எங்கள் ஊர் திருவிடைமருதூர் பக்கம். மயிலாடுதுறை மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. காங்கிரஸ் தேர்தல் அறிக்கை எல்லோருக்கும் 25 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்கிறது. பா.ஜ.க. அறிக்கை 70 வயது கடந்த அனைவரையும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்ப்போம் என்கிறது. அதன் வரம்பு 5 லட்சம். மாநில அரசின் அட்டையில் ஏற்கெனவே 5 லட்சம் இருக்கிறது. அப்படியானால் 25 தானே பெரிது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

16 ஏப்ரல் 2024, இரவு

யோசிக்க நிறைய இருக்கிறது. தொகையை மட்டும் வைத்து இந்த வாக்குறுதிகளை ஒப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது கடைமடைக்காரருக்குப் பாதிச் செய்திதான். தன் வாய்க்காலுக்கு வருகிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும். காப்பீட்டிலும் அப்படியே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. யார் உள்ளே வர முடியும்? எந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும்? மருத்துவமனை கேட்கும் தொகைக்கும் திட்டம் கொடுக்கும் தொகைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை யார் கட்டுவது?

முதலில் நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம் ரூபாய் என்பது அதன் வரம்பு. ஆட்சி மாறியபின் 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று புது வடிவம் பெற்றபோது, ஆண்டுக்கு 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம் என்றாயிற்று. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் தொடங்கியதும் இரண்டும் இணைக்கப்பட்டு வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. இப்படித் தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க. ஆகிய மூன்று கட்சிகளின் ஆட்சிகளும் ஒரே அட்டையின்மேல் கை வைத்திருக்கின்றன. எங்கள் தெருவில் மட்டும் அதற்கு இன்னமும் கலைஞர் காப்பீடு என்றுதான் பெயர்.

இந்த வரலாற்றில் தொகை ஏறிக்கொண்டே வந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். நுழைவுத் தகுதியான ஆண்டு வருமான வரம்பு எப்படி நகர்ந்தது என்பதைப் பேசுவோர் குறைவு. 2012-இல் அது 72,000 ரூபாய். 2022-இல்தான் 1,20,000 ஆனது. மாதத்துக்கு 10,000 ரூபாய், அதுவும் ஒரு குடும்பம் முழுவதற்கும். 25 லட்சம் என்ற அறிவிப்பில் என்னைக் கவர்வது அந்த எண் அன்று. வருமானம் பாராமல் அனைவருக்கும் என்கிற சொற்கள்தான் அதில் பெரியவை. 70 வயது வாக்குறுதியின் பெருமையும் அதுவே: வயதைக் காட்டினால் போதும், வருமானச் சான்று வேண்டியதில்லை. ஆகவே இரண்டு கட்சிகளும் ஒரே குறையைத்தான் தொட்டிருக்கின்றன. ஒன்று எல்லா வயதுக்கும் வருமானத் தடையை எடுக்கிறேன் என்கிறது, மற்றொன்று முதியோருக்கு மட்டும் எடுக்கிறேன் என்கிறது.

17 ஏப்ரல் 2024

வருமான வரம்பு அவ்வளவு பெரிய தடையா, கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் குறைத்துப் போட்டுக் கொடுப்பாரே என்று பாபநாசத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுப்பவர்களும் இருக்கலாம். ஒரு குடும்பத்தின் சிகிச்சை ஒரு அலுவலரின் நல்ல மனத்தை நம்பி நிற்க வேண்டியிருப்பதுதான் என் வருத்தமே.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். குறுவை கைகொடுத்த ஆண்டில் கையில் கொஞ்சம் மிஞ்சும். சம்பா அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கடன்தான் மிஞ்சும். மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் பெயர் இன்னமும் வீட்டுக் குடும்ப அட்டையில் இருப்பதால் அவன் சம்பளமும் குடும்ப வருமானமாகிவிடுகிறது. அவன் தன் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக ஊருக்கு அனுப்புவது என்ன என்று எந்தச் சான்றிதழிலும் ஏறாது. அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்க வேண்டிய நிலை வந்தபோது, வருமானச் சான்று 1,20,000-ஐத் தாண்டிவிட்டது. பிறகு மகன் பெயரை நீக்கித் தனி அட்டை போட்டு, மறுபடி சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டுப் பிரிவில் புகைப்படம் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அந்த அம்மாள் கால் வீங்கி, மூச்சுத் திணறலோடு அரசு மருத்துவமனையில் படுத்துவிட்டார். நோயாளி படுத்திருக்கும்போது மகனைக் குடும்பத்திலிருந்து நீக்கும் வேலையைச் செய்ய வேண்டியிருந்ததை அவர் இன்றுவரை ஒரு பாவமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார். 5 லட்சம் என்ற தொகை அவருக்குப் போதாமல் இல்லை. உள்ளே போவதற்குத்தான் அவ்வளவு பாடு.

இன்றைய கணக்கையும் வைத்துவிடுகிறேன். நூறு நாள் வேலைக்கு இந்த மாதம் முதல் தமிழ்நாட்டில் நாள் கூலி 319 ரூபாய். 1,20,000 ரூபாயை ஆண்டின் எல்லா நாட்களுக்கும் பங்கிட்டால் நாளொன்றுக்கு 330 ரூபாயைக்கூடத் தொடாது. அரசே நிர்ணயித்த குறைந்த கூலியில் ஒரே ஒருவர் ஆண்டு முழுதும் வேலை செய்தாலே வரம்பை ஒட்டி வந்துவிடுவார். வீட்டில் இரண்டு பேர் உழைத்தால் வெளியே தள்ளப்படுவார்கள்.

17 ஏப்ரல் 2024, மாலை

சேர்க்க வேண்டியது ஒன்று. இந்த வரம்பு எல்லோருக்கும் பொருந்தாது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களை மாநிலத் திட்டம் வருமானம் பாராமல் சேர்த்துக்கொள்கிறது. தடையை எடுக்க வேண்டும் என்று ஓர் அரசு நினைத்தால் எடுக்க முடியும் என்பதற்கு இது நம் கண்முன் இருக்கும் சான்று.

18 ஏப்ரல் 2024

நாளை வாக்குப்பதிவு. யாருக்குப் போடலாம் என்று கேட்டவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. வாக்குறுதிகளை எப்படிப் படிப்பது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

22 ஏப்ரல் 2024

25 லட்சம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்பது அடுத்த கேள்வி. காங்கிரஸ் அறிக்கையே ராஜஸ்தானை முன்மாதிரியாகச் சொல்கிறது. அங்கே காங்கிரஸின் அசோக் கெலாட் அரசு 2021-இல் சிரஞ்சீவி என்ற காப்பீட்டுத் திட்டத்தை 5 லட்சம் வரம்பில் தொடங்கி, பிறகு 10 லட்சமாக்கி, 2023 வரவு செலவுத் திட்டத்தில் 25 லட்சமாக உயர்த்தியது. ஏழைகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் இலவசம். மற்ற குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம். இந்த 850 ரூபாய் ஏற்பாடுதான் எனக்கு அந்தத் திட்டத்தின் உயிர்நாடியாகத் தெரிகிறது. வரம்பைச் சற்றே தாண்டியவருக்கு, நீ வெளியே போ என்று சொல்லாமல், ஒரு சிறு தொகையைக் கட்டி உள்ளே வா என்று சொல்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தால் மகன் பெயரை நீக்கியிருக்க வேண்டியதில்லை.

தொகையை 5-இலிருந்து 25-க்கு உயர்த்துவது அரசுக்கு ஐந்து மடங்கு செலவாகாது. ஓராண்டில் 5 லட்சத்தைத் தாண்டிச் செலவாகும் குடும்பங்கள் மிகச் சில. அதே காரணத்தால் அந்த உயர்வினால் பயன் பெறுவோரும் மிகச் சிலரே. கல்லீரல் மாற்று போன்ற பெருஞ்சிகிச்சைகளுக்குத் தமிழ்நாட்டுத் திட்டத்தில் தனி நிதியும் இருக்கிறது. இதற்கு மாறாக, அனைவரையும் உள்ளே கொண்டுவருவதற்குத்தான் அரசுக்கு மெய்யான செலவு பிடிக்கும். மேடையில் கைதட்டல் வாங்குவது எண். நிதித் துறைக்குக் கவலை தருவது நுழைவுத் தகுதி. ஒரு வேட்பாளர் எதை விரித்துப் பேசுகிறார், எதைத் தொடாமல் போகிறார் என்பதைக் கவனிக்க இது உதவும்.

ராஜஸ்தானில் இன்னொன்றும் நடந்தது. 2023 மார்ச்சில் மருத்துவ உரிமைச் சட்டம் நிறைவேறியபோது தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவசரச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்றால் அந்தப் பணத்தை அரசு எப்போது, எப்படித் தரும் என்பதே அவர்களின் முக்கியமான கேள்வி. அது நியாயமான கேள்வி என்றே நானும் நினைக்கிறேன்.

23 ஏப்ரல் 2024

என் மூன்றாவது கேள்வியை விளக்கச் சொல்லியிருக்கிறார்கள். சொந்த அனுபவத்திலிருந்தே சொல்லலாம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். முதலமைச்சர் காப்பீடு எனக்குப் பொருந்தாது. ஓய்வூதியர்களுக்கான தனித் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் என் ஓய்வூதியத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. என் மனைவிக்கு இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது, டெல்டாவில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். திட்டத்தின் பட்டியலில் இருக்கும் மருத்துவமனைதான். ஆனாலும் முன் அனுமதி வருவதற்குள் முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். அனுமதி வந்த தொகை கட்டணத்தில் ஒரு பகுதிதான். மீதிக்கு, அந்த வகை ஸ்டென்ட் திட்டத்தில் வராது, அறை வாடகை திட்டத்தில் வராது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். சிகிச்சை நன்றாகவே செய்தார்கள், அதில் எனக்குக் குறையில்லை. என் சேமிப்பில் இருந்ததால் கட்டிவிட்டேன். இல்லாதவர் தாலியைத்தான் அடகு வைத்திருப்பார்.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் திட்டம் ஒரு தொகுப்புத் தொகை நிர்ணயிக்கிறது. அது குறைவு என்று மருத்துவமனை சொல்கிறது. அந்தக் குறைவைப் பேசி முடிக்க வேண்டியவர்கள் அரசும் மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனமும்தான், ஆனால் பணம் போவது நோயாளியின் வீட்டிலிருந்து. வரம்பு 5 லட்சமாக இருந்தாலும் 25 லட்சமாக இருந்தாலும் ஸ்டென்ட் வைப்பதற்கான தொகுப்புத் தொகை அதேதான். இந்தத் தொகையைப் பற்றி எந்த அறிக்கையிலாவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

6 ஜூன் 2024

முடிவுகள் வந்துவிட்டன. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் இந்தியா கூட்டணிக்கு. மயிலாடுதுறையில் காங்கிரஸின் சுதா, தஞ்சாவூரில் தி.மு.க.வின் முரசொலி, நாகப்பட்டினத்தில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் செல்வராஜ். மத்தியில் ஆட்சி அமைப்பது பா.ஜ.க. கூட்டணி. ஆக, 25 லட்சம் சொன்ன கட்சி நம்மிடம் வென்றது. 70 வயது சொன்ன கட்சி நாட்டை ஆளப்போகிறது.

மக்கள் காப்பீட்டுக்காக வாக்களித்தார்களா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. தேர்தலுக்கு முன்பு சி.எஸ்.டி.எஸ்.-லோக்நிதி என்னும் ஆய்வு அமைப்பு நாடு தழுவி எடுத்த கருத்துக்கணிப்பில் 27 சதவீதத்தினர் வேலையின்மையையும் 23 சதவீதத்தினர் விலைவாசியையும் தலையாய பிரச்சினையாகச் சொன்னார்கள். மருத்துவம் அந்த மேல்வரிசையில் இல்லை. ராஜஸ்தானிலும் 25 லட்சம் தந்த அரசு 2023 டிசம்பரில் தோற்றது. ஆந்திராவில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ என்ற மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்த ராஜசேகர ரெட்டி 2009-இல் வென்றார். இரண்டையும் காப்பீட்டின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியாகாது.

மருத்துவச் செலவு மக்களுக்கு முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளவும் கூடாது. நோய் வந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் பிரச்சினை. நோய் வராத வீட்டுக்கு அது நினைவிலேயே இல்லை. கணிப்பு எடுக்கும் நாளில் நோயுற்ற வீடுகள் எப்போதும் சிறுபான்மைதான்.

11 செப்டம்பர் 2024

இன்று மத்திய அமைச்சரவை 70 வயது கடந்த அனைவருக்கும் 5 லட்சம் என்பதற்கு ஒப்புதல் தந்துவிட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ 6 கோடி முதியவர்கள் பயன்பெறுவார்கள் என்கிறார்கள். ஏற்கெனவே திட்டத்தில் இருக்கும் குடும்பத்தின் முதியவருக்குக் கூடுதலாகத் தனி 5 லட்சம் உண்டு. பேரனின் அறுவைச் சிகிச்சைக்கு வேண்டியிருக்குமே என்று தன் சிகிச்சையைத் தள்ளிப்போடும் கிழவர்களையும் கிழவிகளையும் நான் அறிவேன். அவர்களுக்கு இது பெரிய ஆறுதல். யார் செய்தாலும் நல்லதை நல்லது என்றே எழுத வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் அக்காள் மகன், நம் நேரப்படி இன்று காலை அங்கே நடந்த டிரம்ப், கமலா ஹாரிஸ் விவாதத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் பேசினான். ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாக உங்கள் திட்டம் என்ன என்ற கேள்விக்கு, திட்டத்துக்கான சில எண்ணங்கள் இருக்கின்றன என்ற அளவில்தான் டிரம்ப் பதில் சொன்னாராம். அந்தச் சட்டம் வந்தது 2010-இல். ஹாரிஸின் நிலைப்பாடு, சந்தா கட்டுவோருக்கு 2021-இல் கூட்டப்பட்ட உதவித்தொகையை 2025-க்குப் பிறகும் தொடர்வது. இங்கே பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அங்கே மக்கள் கட்டுவதில் அரசு பங்கேற்கிறது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

13 செப்டம்பர் 2024

மக்கள் கருத்தை அறிவதில் அமெரிக்காவிலிருந்து கற்க ஒன்று இருக்கிறது. கே.எஃப்.எஃப். என்னும் ஆய்வு நிறுவனம் 2019 ஜனவரியில், எல்லோருக்கும் ஒரே அரசுக் காப்பீடு வேண்டுமா என்று கேட்டது. 56 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். அது மருத்துவத்தை ஓர் உரிமையாக உறுதி செய்யும் என்று சொன்னதும் ஆதரவு 71 ஆனது. பெரும்பாலோர் கூடுதல் வரி கட்ட வேண்டியிருக்கும் என்றதும் 37-க்கு இறங்கியது. சிகிச்சைக்குக் காத்திருக்க நேரும் என்றதும் 26-க்குப் போயிற்று. கேட்கப்பட்டவர்கள் அதே மக்கள்தான்.

இதைப் படித்தபின், 25 லட்சம் வேண்டுமா என்று நம் ஊரில் கேட்டால் கிடைக்கும் பதிலுக்கு என்ன மதிப்பு என்று யோசித்தேன். வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டுவீர்களா, பக்கத்து ஊர் வசதிக்காரருக்கும் அதே அட்டை கிடைப்பதை ஏற்பீர்களா, அரசு மருத்துவமனைக்குப் போகும் பணம் இதனால் குறைந்தாலும் சம்மதமா என்று கேட்டால்தான் நம் மக்களின் மெய்யான கருத்து தெரியும். இங்கே யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

28 செப்டம்பர் 2024

2021-22க்கான தேசிய சுகாதாரக் கணக்கு இந்த வாரம் வெளியாயிருக்கிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து போடும் பங்கு 39.4 சதவீதம். 2014-15-இல் அது 62.6. குறைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

மீதமிருக்கும் 39-இல் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதுதான் இப்போது என் கவலை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்துக்கடையில் கொடுக்கும் பணம், இரத்தப் பரிசோதனைக்கு ஆய்வகத்தில் கொடுக்கும் பணம், மாலையில் மருத்துவரின் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து கொடுக்கும் கட்டணம் ஆகியவை படுக்கையில் சேராமல் ஆகும் செலவுகள். ஆயுஷ்மான் திட்டம், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாளும் வீடு திரும்பியபின் 15 நாளும் ஆகும் செலவை ஏற்கிறது. பதினாறாம் நாள் முதல் மருந்து நம் பொறுப்பு. டயாலிசிஸ் இலவசமாகக் கிடைக்கும் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் வாரந்தோறும் தஞ்சாவூர் போய்வரும் செலவும், உடன் போகிறவருக்கு இழப்பாகும் கூலியும் எந்த அட்டையிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் காப்பீடு அல்லாத திட்டங்களையும் ஒப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன். 2020 டிசம்பரில் எடப்பாடி பழனிசாமி அரசு அம்மா மினி கிளினிக்குகளைத் தொடங்கியது. அடுத்த ஆட்சியில் அவை மூடப்பட்டன. 2021 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. எங்கள் ஊரில் கால் நடக்க முடியாத மூதாட்டிக்கு அந்த மாத்திரைப் பொட்டலம் எந்த 25 லட்சத்தையும்விடப் பெரிது. பக்கவாதம் வந்து படுக்காமல் இருப்பதற்குக் காப்பீட்டில் இடமில்லை, மாத்திரையில்தான் இருக்கிறது. மினி கிளினிக்கை மூடாமல் இதோடு சேர்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

30 அக்டோபர் 2024

70 வயதுத் திட்டத்தைப் பிரதமர் நேற்றுத் தொடங்கி வைத்தார். டெல்லியும் மேற்கு வங்கமும் ஆயுஷ்மானில் சேராததால் அங்குள்ள முதியோருக்கு உதவ முடியவில்லை என்று மேடையிலேயே வருத்தம் தெரிவித்தார்.

ஆயுஷ்மான் திட்டம் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சி.ஏ.ஜி.) தந்த 2023 அறிக்கையை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். ஒரே கைப்பேசி எண்ணில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததையும், இறந்தவர்கள் பெயரில் சிகிச்சை காட்டப்பட்டதையும் அது சொன்னது. அந்தக் குறைகள் களையப்பட வேண்டியவை. அதைக் காரணம் காட்டித் திட்டமே வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஏட்டில் பிழை இருந்தால் ஏட்டைத் திருத்த வேண்டும்.

10 நவம்பர் 2024

2026-இல் சட்டமன்றத் தேர்தல் வரும். அப்போது வேட்பாளர்களிடம் என்ன கேட்கலாம் என்று முதலில் கேள்வி கேட்ட அதே திருவிடைமருதூர் வாசகர் எழுதியிருக்கிறார்.

என் பங்குக்கு இவற்றைக் கேட்பேன். 1,20,000 வரம்பை ஆண்டுதோறும் கூலி உயர்வோடு சேர்த்து உயர்த்துவீர்களா, அல்லது வரம்பைத் தாண்டியவர் சிறு சந்தா கட்டிச் சேர வழி செய்வீர்களா? பட்டியலில் உள்ள மருத்துவமனை முன்பணம் வாங்கினால் யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் பணம் திரும்பும்? டயாலிசிஸ் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் பேருந்துக் கட்டணமாவது உண்டா? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்க, 2020-இல் பிறந்த மயிலாடுதுறை மாவட்டத்துக்கு எப்போது? மருத்துவமனை எட்டாத தூரத்தில் இருப்பவருக்கு அட்டையில் எத்தனை லட்சம் இருந்து என்ன?

முதல் கேள்வியை நான் 2026 வரை வைத்திருக்கப்போவதில்லை. ஜனவரி 26 கிராம சபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவர எங்கள் ஊரில் சிலரிடம் பேசியிருக்கிறேன். தீர்மான வாசகத்தை எழுதி முடித்ததும் இங்கே தருகிறேன்; உங்கள் ஊராட்சிப் பெயரை மாற்றிக்கொண்டு நீங்களும் கொடுக்கலாம்.